லட்சத்தீவு: அனுமதிச் சீட்டுக்கு அடியில் ஒரு தண்ணீர்க் கணக்கு

இரண்டு குடும்பங்கள் சேர்ந்து லட்சத்தீவு போக நினைக்கின்றன. கூடவே முழங்கால் வலியுள்ள அம்மாவும் ஒன்பது வயதுப் பையனும் உண்டு. பேக்கேஜ் இல்லாமல் நாமாகவே போக முடியுமா, எந்தத் தீவு, எந்த மாதம், அம்மாவால் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "சுற்றுலாவால் பவளப்பாறை அழிகிறது என்கிறார்களே, நாங்கள் போவதே தப்பா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றவற்றுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். ஆனாலும் அனுமதியிலிருந்தே தொடங்குகிறேன். அது இல்லாமல் கொச்சித் துறைமுக வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

லட்சத்தீவு இந்தியாவின் பகுதிதான். இருந்தும், அந்தத் தீவுகளைச் சேராத இந்தியர் எவரும் அங்கே போக நுழைவு அனுமதி வாங்க வேண்டும். 1967இல் வந்த விதி இது. கடமை நிமித்தம் போகும் அரசு ஊழியர்கள், படைவீரர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, யூனியன் பிரதேச நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ‘ஸ்போர்ட்ஸ்’ வழியாகவோ அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகவோ தங்குமிடத்தைப் பதிவு செய்வது. அனுமதிக்கான ஏற்பாட்டையும் அவர்களே கவனித்துக்கொள்வார்கள். இரண்டாவது, தீவுக்காரர் ஒருவர் உங்களுக்குப் பொறுப்பேற்று அழைப்பது. பெயர் தெரியாத ஒருவரைச் சமூக ஊடகத்தில் பிடித்து, பணம் கட்டி, ‘பொறுப்பாளர்’ ஆக்கிக்கொள்ளும் வழக்கம் பெருகியிருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரச்சினை என்று வந்தால் உங்களோடு மாட்டிக்கொள்பவர் அவரும்தான். எந்த வழியில் வாங்கினாலும், அனுமதிச் சீட்டில் எந்தெந்தத் தீவு என்று எழுதியிருக்கும். அகத்திக்கு வாங்கிவிட்டு, படகு கிடைத்தது என்று கல்பேனியில் இறங்க முடியாது. இறங்கியதும் காவல் நிலையத்தில் சீட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஆக, முன்பின் ஏற்பாடில்லாமல் தோளில் பையோடு கிளம்பும் பயணம் இங்கே நடக்காது. காவல்துறைச் சான்றிதழ், கட்டணம், விண்ணப்ப முறை ஆகியவை அவ்வப்போது மாறுவதால், கிளம்ப இரண்டு மாதத்துக்கு முன்பே நிர்வாகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கெடுபிடி வெறும் அதிகாரத் தோரணை என்று நினைப்பவர்கள் உண்டு. அது முதலில் மக்களுக்கான பாதுகாப்பு. தாயும் தந்தையும் தானும் தீவிலேயே பிறந்தவர்கள் பட்டியல் பழங்குடியினராகக் கணக்கிடப்படுகிறார்கள். மக்கள்தொகையில் அவர்கள் 94 சதவீதத்துக்கும் மேல். தீவின் நிலம் வெளியாருக்குக் கைமாறாமல் இருக்க 1964லேயே ஒழுங்குமுறை வந்துவிட்டது. இங்கே ஒரு பழைய உறவையும் சொல்லலாம். 1956 நவம்பர் 1 அன்று யூனியன் பிரதேசமாகும் வரை இந்தத் தீவுகள் சென்னை மாநிலத்தின் பகுதி. தெற்குத் தீவுகள் மலபார் மாவட்டத்திலும் வடக்கில் அமினித் தீவுக் கூட்டம் தென்கன்னட மாவட்டத்திலும் இருந்தன. சென்னையிலிருந்து உத்தரவு போய், பருவமழை ஓய்ந்து, பாய்மரம் கிளம்பி, அது தீவை எட்டுவதற்குள் உத்தரவு போட்டவரே மாற்றலாகிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

மக்களுக்கு அடுத்தது நிலம். மொத்தம் 36 தீவுகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். அவற்றில் ஒன்றான பரளி 1 என்ற ஆளில்லாத் தீவு அரிப்பில் முழுவதும் கரைந்துபோனதாக 2017இல் ஆய்வு வெளியானது. மக்கள் வாழ்பவை பத்து. எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். அதில் 2011 கணக்கெடுப்பின்படி 64,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அதாவது சதுர கிலோமீட்டருக்கு 2,000க்கும் அதிகம். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அடர்த்தி 555. ‘ஆளரவமற்ற சொர்க்கம்’ என்று விளம்பரம் செய்யப்படும் இடம் உண்மையில் நெருக்கமான ஊர். படத்தில் ஆள் தெரியாததற்குக் காரணம், படம் எடுப்பவர் கேமராவைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வதுதான்.

இந்த நிலம் எப்படி வந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கடலடியில் தெற்கே சாகோஸ் தீவுகள் வரை நீளும் எரிமலைத் தொடர் ஒன்று இருக்கிறது. அந்த எரிமலைகள் மெல்ல மூழ்க மூழ்க, விளிம்பில் வளர்ந்த பவள உயிரிகள் வெளிச்சத்தை விட்டு இறங்காமல் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வந்தன. எரிமலை காணாமல் போனது, பவள வளையம் மட்டும் நின்றது. அந்த வளையத்தின் மேல் உடைந்த பவளமும் சிப்பியும் மணலாகக் குவிந்த இடமே தீவு. மண்ணோ கல்லோ வேறெங்கிருந்தும் வரவில்லை. ஆறு இல்லை, மலை இல்லை. பெரும்பாலான தீவுகள் கடல்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் உயரம்தான். ஏறக்குறைய எல்லாத் தீவுகளும் வளையத்தின் கிழக்கு ஓரத்தில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன. மேற்கே, தென்மேற்குப் பருவக்காற்று மோதும் பக்கம், பாறை வளையத்துக்குள் அடங்கிய ஆழமற்ற கடல்நீர்ப் பரப்பு, அதாவது களப்பு. அலை அந்தப் பாறையில் அடிபட்டு, வலுவிழந்துதான் கரைக்கு வருகிறது. விலக்கு ஆந்த்ரோத். அது கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது, களப்பும் இல்லை. எனவே தீவுகளிலேயே பெரிதாக இருந்தும் சுற்றுலாப் பட்டியலில் அது இடம்பெறுவது அபூர்வம்.

மணலின் கணிசமான பங்கு மீனின் வயிற்றிலிருந்து வருகிறது என்றால் பையனுக்குப் பிடிக்கும். கிளிமீன் தன் அலகு போன்ற பல்லால் செத்த பவளத்தின்மேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். கூடவே போகும் சுண்ணாம்பை அரைத்து வெள்ளை மணலாகக் கழிக்கும். முகமூடி போட்டுக் களப்பில் மிதந்தால், அவை கடிக்கும் ‘கறுக் கறுக்’ ஓசையைக் காதால் கேட்கலாம்.

இப்போது தண்ணீர். மணல் தீவில் பெய்யும் மழை கீழிறங்கி, கடல்நீர் உப்பாகவும் கனமாகவும் இருப்பதால் அதன்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கும். கிணற்றில் நீர்மட்டம் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதிகம் இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். கழிவறைத் தொட்டி கசிந்தால் அதே படலத்தில்தான் கலக்கும், ஏனென்றால் வேறு போக்கிடமில்லை. இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு சென்னையிலிருந்து போனது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் ஆலையை அமைத்தது. கடலின் மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் விட்டால் சூடாக்காமலே ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த குளிர்ந்த நீரைக் கொண்டு அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். பவளத் தீவின் விளிம்பு செங்குத்தாக இறங்குவதால் கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே அந்த ஆழம் கிடைத்துவிடுகிறது. பிறகு மினிக்காய், அகத்தி, இன்னும் சில தீவுகளிலும் இப்படி ஆலைகள் வந்தன. ஆனால் அவற்றை ஓட்டவும் மின்சாரம் வேண்டும். அதற்கான டீசலில் பெரும்பங்கு இன்றும் கப்பலில்தான் வருகிறது.

விடுதியில் ஏன் இவ்வளவு குறைவான அறைகள், ஏன் முன்பதிவு இல்லாமல் விடமாட்டேன் என்கிறார்கள் என்பதற்கு விடை இதுதான். ஒரு தீவில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதைக் கட்டிலின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை, அந்த நன்னீர்ப் படலம் தீர்மானிக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ரவீந்திரன் குழு, ஒவ்வொரு தீவுக்கும் அது தாங்கும் அளவைக் கணக்கிட்டு மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்று சொன்னதன் பொருளும் இதுவே. 2024 ஜனவரியில் பிரதமரின் பயணப் படங்கள் வந்ததும் நாடே தேடத் தொடங்கி, ‘மாலத்தீவை விஞ்சலாமே’ என்ற பேச்சு கிளம்பியது. மாலத்தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். அங்கே விடுதித் தீவு வேறு, ஊர்த்தீவு வேறு என்று பிரித்துவைக்க இடமிருக்கிறது. இங்கே அந்த வசதி அநேகமாக, ஊர் இல்லாத தீவுகளான பங்காரத்திலும் தின்னகராவிலும்தான். ஒப்பிடுவதே சரியில்லை என்பது என் கருத்து.

எப்படிப் போவது? கொச்சி வெலிங்டன் தீவிலிருந்து கப்பல், அல்லது கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம். கப்பலுக்குத் தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம் பிடிக்கும். எம்.வி. கவரத்தி பெரியது, 700 பேர் போகலாம். அகத்தியில் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான், இருபுறமும் கடல். அதனால் சிறிய ஏ.டி.ஆர். வகை விமானங்களே இறங்கும், சுமைக்கும் கட்டுப்பாடு உண்டு. பெட்டியின் எடையை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காற்று மாறினால் விமானம் ரத்தாகும், கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும். திரும்பும் நாளுக்கு மறுநாளே அலுவலகம் என்று திட்டமிடாதீர்கள். கொச்சியிலிருந்து ஊருக்கான ரயில் டிக்கெட்டை இரண்டு நாள் இடைவெளி விட்டு எடுங்கள்.

கப்பல் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தீவுக்காரருக்கு அது உல்லாசக் கப்பல் அல்ல. மேல்படிப்பு, பிரசவம், அறுவை சிகிச்சை, கல்யாணச் சாமான் எல்லாம் அதில்தான். ஏதாவது ஒரு கப்பல் பராமரிப்புக்குப் போய்விட்டால் அவர்களுக்கே இடம் கிடைப்பதில்லை. பள்ளி விடுமுறை, ரம்ஜான், பக்ரீத் ஆகியவற்றை ஒட்டிய நாள்களில் நாம் பயணத்தைத் தவிர்ப்பது இரு தரப்புக்கும் நல்லது.

‘சமுத்திரம்’ என்ற ஐந்து நாள் கப்பல் சுற்றுலாவைப் பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒவ்வொரு தீவாக இறங்கி, இரவில் கப்பலிலேயே தூங்குவது. தீவின் தண்ணீரையும் கழிவறையையும் அது அதிகம் தொடுவதில்லை என்பது அதற்கான நியாயம். எனக்கு ஒட்டாதது அதன் அவசரம். காலையில் கூட்டமாக இறங்கி, களப்பில் ஒரு மணி நேரம், சாப்பாடு, ஒரு நடனம், மறுபடி படகு. மூன்று தீவுகளைப் பார்த்துவிட்டோம் என்ற கணக்கு மட்டும் மிஞ்சும். நான்கு நாள் கையில் இருந்தால் ஒரே தீவில் இருங்கள். களப்பைப் புரிந்துகொள்ள அதன் நீர் ஏறுவதையும் இறங்குவதையும் இரண்டு மூன்று தடவையாவது பார்க்க வேண்டும்.

எந்தத் தீவு? உங்கள் இரு குடும்பத்துக்கும் என் தேர்வு கட்மத் அல்லது அகத்தி. கட்மத் ஒன்பது கிலோமீட்டர் நீளமும் சில இடங்களில் சில நூறு மீட்டர் அகலமுமான தீவு. மேற்கே நீளமான களப்பு, முக்குளிப்பு (ஸ்கூபா) பயிற்சி மையமும் உண்டு. அகத்தியில் விமானம் இறங்குவதால் கடல் பயணத்துக்குப் பயப்படுபவர்களுக்கு எளிது, அங்கிருந்து பங்காரத்துக்கும் தின்னகராவுக்கும் படகில் பகல் பயணம் போய் வரலாம். பங்காரத்திலேயே தங்குவது செலவு அதிகம். மதுவிலக்கு உள்ள இந்தத் தீவுகளில் சுற்றுலாவாசிகளுக்கு அங்கே மட்டும் தளர்வு இருந்து வருவதால் சிலர் அதைத் தேடிப் போவார்கள். கல்பேனியின் களப்பு மிகப் பெரியது. அதன் கிழக்குக் கரையில் பவளக் கற்கள் மேடாகக் குவிந்து கிடக்கும், 1847இல் அடித்த பெரும்புயல் தூக்கிப் போட்டவை. ஒரே இரவில் கடல் செய்த கட்டுமானம் அது, போனால் அந்த மேட்டின்மேல் நடந்து பாருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் யாராவது கூட வருவதாக இருந்தால், அவர்களுக்குத் திறந்திருக்கும் தீவுகள் ஒரு சில மட்டுமே. முன்கூட்டியே தனியாக விசாரிக்க வேண்டும்.

மினிக்காய் வேறு உலகம். மற்றத் தீவுகளில் பேசுவது ஜெசரி என்ற மலையாளக் கிளைமொழி, சற்றுக் காது கொடுத்தால் நமக்குப் பாதி புரியும். மினிக்காயில் பேசுவது மஹல். அது மாலத்தீவின் திவேஹி மொழியைச் சேர்ந்தது, ஒரு சொல்லும் பிடிபடாது. ஊர்கள் தனித்தனிப் பொது வீடுகளோடும் மூப்பர்களோடும் இயங்குகின்றன. ஆண்கள் தலைமுறை தலைமுறையாக உலகக் கப்பல்களில் வேலைக்குப் போகிறவர்கள். 1885இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் எரிகிறது. ஏறிப் பார்க்க அனுமதி கிடைத்தால், பவள வளையம் என்றால் என்ன என்று நான் மேலே எழுதிய அவ்வளவும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மாதம்: டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிவு வரை. மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை தென்மேற்குப் பருவம், சுற்றுலா அநேகமாக மூடியிருக்கும். அக்டோபர், நவம்பரில் புயல் வாய்ப்பு உண்டு. ஒக்கிப் புயல் 2017இல் நவம்பர் கடைசியில் கிளம்பி டிசம்பர் தொடக்கத்தில்தான் மினிக்காயையும் கல்பேனியையும் தாக்கியது. நடுக்கடலில் சிக்கிய கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் அப்போது ஒதுங்கியது இந்தத் தீவுகளில்தான். ஏப்ரலில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், தள்ளுபடியும் கிடைக்கலாம். ஆனாலும் வேண்டாம் என்பேன். அப்போதுதான் நீர் மிகச் சூடாகிப் பவளம் தவிக்கும்.

இங்கேதான் உங்கள் கடைசிக் கேள்வி வருகிறது. பவள உயிரியின் திசுவுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு தயாரித்து அது பவளத்துக்குத் தருகிறது, நிறமும் அதனுடையதே. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதல் வெப்பம் சில வாரம் நீடித்தாலே இந்த உறவு முறியும். பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். வெளுத்ததும் சாவதில்லை, பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளிறல் நடந்தது. 2024லும் நிலைமை கடுமை என்று கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. அகத்தி, கட்மத், கவரத்தி மூன்றிலும் நீண்டகாலம் கணக்கெடுத்த ஆய்வாளர்கள், 1998இல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிட்டதாகக் கண்டார்கள். ஒரு வெளிறலுக்கும் அடுத்ததற்கும் இடையே மூச்சு வாங்க நேரம் போதவில்லை.

ஆகவே, உங்கள் கால் பட்டுத்தான் பாறை அழிகிறது என்பது உண்மையல்ல. முதல் குற்றவாளி வெப்பம், அதற்கு நாம் எல்லோரும் வீட்டில் இருந்தபடியே பங்களிக்கிறோம். ஆனால் வெளுத்த பாறை மறுபடி எழுமா என்பது உள்ளூர் நிலைமையைப் பொறுத்தது. அங்கேதான் வருகிறவரின் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு, பலரும் நினைப்பதைப் போல முக்குளிப்பில் இல்லை. சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

லட்சத்தீவின் மீன்பிடி பெரும்பாலும் சூரை மீனை நம்பியது. களப்பில் சிறு இரைமீன்களை உயிரோடு பிடித்து, படகின் தொட்டியில் வைத்து, ஆழ்கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அள்ளி வீசுவார்கள். மீன் வெறிபிடித்து மேலே வரும்போது, வரிசையாக நிற்கும் ஆட்கள் நீளக் கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் எறிவார்கள். சூரையைப் பிடிக்க வலை கிடையாது, வேண்டாத உயிர்கள் சிக்குவதும் மிகக் குறைவு. பிடித்ததை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைத்தால் மாசி. யாழ்ப்பாணச் சமையலறையில் மாசிச் சம்பலுக்கு இடிப்பது இதே வகைதான். எல்லோரும் வெளிக்கடலில் சூரைக்குப் போனதால், பாறைக்குள் வாழும் மீன்கள் பல காலம் தொல்லையின்றி இருந்தன. 1998க்குப் பிறகு பவளம் ஓரளவு விரைவாக மீண்டதற்கு இது முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. கிளிமீனும் மற்றப் பாசி தின்னிகளும் பாசியை மேய்ந்து வைத்தால்தான் புதிய பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கும்.

இப்போது விருந்தினர் வருகிறார், ‘கடற்கரையில் முழுசாகச் சுட்ட பெரிய மீன்’ கேட்கிறார். களவாவும் கிளிமீனும் தட்டுக்கு வருகின்றன. களவா மெதுவாக வளரும் மீன், குறிப்பிட்ட நிலவு நாளில் ஒரே இடத்தில் கூடி முட்டையிடும். பித்ரா தீவின் அருகே அப்படி ஓர் இடம் உண்டு. அந்தக் கூட்டத்தில் நாலு படகு புகுந்தால் பல ஆண்டு வம்சம் போய்விடும். ஆகவே, அங்கே சூரையை மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள். விடுதிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் போதும். பவளத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய உபகாரம் இதுதான் என்று நினைக்கிறேன். ருசியும் குறைவில்லை.

ஆமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகத்திக் களப்பில் பேராமைகளைப் பார்க்க வாய்ப்புண்டு, பார்த்தால் பையன் குதூகலிப்பான். ஆனால் ஒரு காலத்தில் அவை அங்கே பெருகிக் கடற்புல் வெளியை மேய்ந்து தீர்த்துவிட்டன. புல்லை நம்பிய மீன்கள் குறைந்தன, களப்பில் மீன்பிடிப்பவர்கள் ஆமைமேல் கோபமானார்கள். பிறகு ஆமைகளில் பல, புல் இருக்கும் அடுத்த தீவுகளை நோக்கி நகர்ந்தன. 2025 வரை உலக அளவில் அருகிவரும் பட்டியலில் இருந்த உயிர், ஓரிடத்தில் மட்டும் மிகுதி. சட்டம் ஆமையைக் காக்கிறது, அது சரி. உங்கள் படகோட்டி ஆமையைக் கண்டு முகம் சுளித்தால், அவரை இயற்கைக்கு எதிரி என்று முடிவு கட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். நல்ல உரையாடல் கிடைக்கும்.

நீருக்குள் நடந்துகொள்ளும் முறை நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மிதக்கத் தெரியாதவர்கள்தான் பவளத்தில் கால் ஊன்றுகிறார்கள். எனவே கிளம்பும் முன் ஊரில் ஒரு மாதம் நீச்சல் குளத்தில் முகமூடியும் மூச்சுக்குழாயும் பழகுங்கள், பையனுக்கு மிதவைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் களிம்பைக் குடம் குடமாகப் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. களிம்பில் சேர்க்கும் சில வேதிப்பொருள்கள் பவளக் குஞ்சுகளுக்கு ஆகாது. முக்குளித்தால், விமானம் ஏறும் முன் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி ஆபத்தாகும். கடைசி நாள் காலையில் முக்குளிப்பு, மதியம் விமானம் என்று யாராவது அட்டவணை போட்டுக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள்.

கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூடப் பையில் போடக் கூடாது. கல் பவளங்கள் எல்லாமும் கடல் அட்டையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. செத்ததுதானே என்ற வாதம் சோதனையில் எடுபடாது. அதற்கு மேல், அந்தத் துண்டுதான் நாளைய மணல். கடல் அட்டைக் கடத்தல் அங்கே பெரிய வழக்கு, அதற்கென்றே 2020இல் செரியபாணி என்ற பவளப்பாறைப் பகுதியில் ஒரு காப்பகம் அறிவித்தார்கள். பிட்டி என்ற மணல் திட்டு கடற்பறவைகள் முட்டையிடும் சரணாலயம். படகுக்காரர் ‘ஐந்து நிமிடம் இறக்கிவிடுகிறேன்’ என்றாலும் இறங்காதீர்கள்.

ஊருக்குள் நாகரிகம் நம் கிராமத்துக்கு உள்ளதுதான். மக்கள் ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள். நீச்சல் உடையோடு தெருவில் நடக்க வேண்டாம், பெண்களைக் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். வீடும் சொத்தும் தாய்வழியில் இறங்கும் மரபு அங்கே வேரூன்றியது. விருந்தினர் இல்லத்தில் வீட்டம்மா சொல்வதே முடிவாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கொச்சியிலிருந்து கடலடிக் கம்பிவடம் 2024இல் வந்துவிட்டதால் இணையம் முன்னைவிடப் பரவாயில்லை, ஆனாலும் ரொக்கம் கையில் இருக்கட்டும். குப்பையில் பிளாஸ்டிக்காக இருப்பது எல்லாவற்றையும் பெட்டியிலேயே திருப்பிக் கொண்டுவந்து கொச்சியில் போடுங்கள். அங்கே அதைப் புதைக்கவோ எரிக்கவோதான் வழி, புதைத்தால் கீழே இருப்பது குடிநீர். குளியலுக்கு ஒரு வாளி.

அம்மா விஷயம். தீவு அம்மாவுக்குக் கஷ்டமில்லை, சமதளம், ஆட்டோவும் உண்டு. கஷ்டம் கப்பலிலிருந்து இறங்குவதில்தான். பல தீவுகளில் கப்பல் களப்புக்குள் வர முடியாமல் பாறைக்கு வெளியே நிற்கும். பக்கவாட்டுக் கதவு வழியாக, அலையில் ஏறி இறங்கும் சிறு படகுக்குள் கால் வைக்க வேண்டும். ஆட்கள் இருபுறமும் பிடித்துக்கொள்வார்கள், தீவின் பாட்டிமார்கள் அநாயாசமாக இறங்குவார்கள். ஆனால் முழங்கால் ஒத்துழைக்காதவருக்கு அந்த ஒரு நொடி நடுக்கம்தான். இதய நோயோ வேறு தீவிர உபாதையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். அவசரம் என்றால் கொச்சிக்கு ஹெலிகாப்டரில்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் வானிலை விட்டால். எனவே அம்மா வருவதானால் அகத்திக்கு விமானத்தில் போய், அகத்தியிலேயே தங்குங்கள். அனுமதி விண்ணப்பத்தில் பங்காரத்தையும் தின்னகராவையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். நீங்கள் பையனோடு பங்காரம் போய்வரும் நாளில், அம்மா மேற்குக் கரையில் தென்னை நிழலில் நாற்காலி போட்டுக்கொள்ளட்டும். மாத்திரைகளை மட்டும் பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். விமானம் ரத்தானால் அங்கே மருந்துக் கடையில் எல்லாம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.